தணிக்கைக் குறிப்பு பணியாக மாறும் வழி
(உரையின் எழுத்து வடிவம்)

ஓர் ஆவணத்தைப் படித்து அதன் ஓரத்தில் குறை எழுதுவது எளிது. அக்குறை யாருடைய மேசைக்குச் செல்கிறது, எந்த நாளுக்குள் தீர்க்கப்படுகிறது, தீர்ந்தது என்று கூறும் உரிமை யாருக்கு உண்டு என்பவைதாம் கடினமான வினாக்கள். அரசு நிருவாகத்தில் இவ்வினாக்களோடு நெடுங்காலம் மல்லாடி வந்துள்ள துறை தணிக்கைத் துறையாகும்.

கணக்கைப் பார்வையிடும் தணிக்கையாளர் முதலில் எழுதுவது அரைப்பக்கக் குறிப்பு. தாளின் ஒரு பாதியில் ஐயம் எழுதப்படும். மறு பாதி அலுவலகத்தின் விடைக்காக வெறுமையாக விடப்படும். கேள்விக்கு எதிரிலேயே விடைக்கு இடம் ஒதுக்கிய இந்த ஏற்பாடு, இன்று கணினித் திரையில் ஆவணத்தின் ஓரத்தில் தோன்றும் கருத்துக் கட்டத்துக்கு மூத்தது. விடை நிறைவளிக்காவிடில் குறிப்பு ஆய்வறிக்கையில் ஒரு பத்தியாக இடம் பெறும். தொல்லை இங்கேதான் தொடங்குகிறது.

பெங்களூரு நகரின் ஜோகுபாளையத்தை எடுத்துக்காட்டுக்காகக் கொள்ளலாம். மாநகராட்சி 198 வார்டுகளாக இருந்தபோது அது 89ஆம் வார்டு. அங்கே ஒரு தெருவில் மழைநீர் வடிகால் கட்டப்பட்டதாகவும், அளவுப் புத்தகத்தில் எழுதிய நீளம் கட்டிய நீளத்தைவிட மிகுதி என்றும், அதனால் ஒப்பந்தக்காரருக்குக் கூடுதல் தொகை சென்றது என்றும் தணிக்கையாளர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பத்தி ஒன்று, அதில் அடங்கிய பணிகளோ மூன்று. வடிகாலை மீண்டும் அளக்க வேண்டியவர் உதவிப் பொறியாளர். கூடுதல் தொகையைக் கணக்கிட்டுப் பிடித்தம் செய்ய வேண்டியது கணக்குப் பிரிவு. அளவு ஏன் சரிபார்க்கப்படவில்லை என்று விளக்க வேண்டியவர் மேலலுவலர். "உரிய நடவடிக்கைக்காக" என்ற ஒரே முகப்புக் கடிதத்துடன் பத்தியை மூவருக்கும் அனுப்பினால், ஒவ்வொருவரும் மற்றவருடைய விடைக்குக் காத்திருப்பர். இதற்கிடையில் ஒப்பந்தக்காரரின் பிணை வைப்புத் தொகை திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்டால், எளிதில் பிடித்தம் செய்திருக்கக்கூடிய பணம் வழக்கு மன்றம் ஏற வேண்டியதாகிவிடும். ஆகவே பத்தியைப் பணிகளாகப் பிரிப்பதும், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பொறுப்பாளரையும் ஒரு நாளையும் குறிப்பதும் முதல் வேலையாகும்.

பழைய சென்னை மாகாணத்தில் தோன்றி, தமிழ்நாட்டின் மாவட்ட அலுவலக நடைமுறைக்கு அடிப்படையான டாட்டன்ஹாம் முறை இதை உணர்ந்திருந்தது. ஒவ்வோர் உதவியாளரும் தமக்கெனத் தன்பதிவேடு ஒன்று வைத்திருப்பார். வந்த தாளுக்கு எண் உண்டு. முடிவு காணும்வரை அவ்வெண் பதிவேட்டில் நிலுவையாக நிற்கும். மேலலுவலர் அதைக் குறித்த காலத்தில் பார்வையிடுவார். நிலுவையை மறைக்க இடமில்லாமல் செய்ததே இம்முறையின் வலிமை.

நாடாளுமன்ற அளவிலும் இதே சிக்கல் எழுந்தது. தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கைகளிலிருந்து பொதுக் கணக்குக் குழு சில பத்திகளையே விரிவாக ஆராய இயலும். எஞ்சியவை கேட்பாரற்றுப் போயின. இதனால் 1995ஆம் ஆண்டில் அக்குழு தனது 105ஆவது அறிக்கையில், 1996 மார்ச் 31இல் முடிந்த ஆண்டுக்கான அறிக்கைகள் தொடங்கி எல்லாப் பத்திகளுக்கும் நடவடிக்கைக் குறிப்பு தரப்பட வேண்டும் என்று பரிந்துரைத்தது. அறிக்கை அவையில் வைக்கப்பட்ட 4 மாதங்களுக்குள், தணிக்கைத் துறை சரிபார்த்த பிறகு, நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை வழியாக அது வந்து சேர வேண்டும்.

"தணிக்கைத் துறை சரிபார்த்த பிறகு" என்ற நிபந்தனைதான் இவற்றில் தலையாயது. வேலையைச் செய்தவரே அது முடிந்தது என்று கோடு கிழிக்க முடியாது; குறை கண்டவர் ஒப்ப வேண்டும். குழுவின் பரிந்துரைகளுக்கு அரசு தரும் விடைகளும் இவ்வாறே வகைப்படுத்தப்படுகின்றன: அரசு ஏற்றவை, விடை கண்டபின் குழு மேலும் வற்புறுத்த விரும்பாதவை, விடை ஏற்கப்படாமல் மீண்டும் வலியுறுத்தப்படுபவை, இடைக்கால விடை மட்டும் வந்தவை. கடைசி வகைக்குத் தனி இடம் கொடுத்தது நுட்பமான செயல். "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்பது அலுவலக மொழியில் மிகவும் பழகிய வாக்கியம். அதில் நாள் இல்லை, ஆளும் இல்லை. அதை நிலுவையாகவே எண்ணுவதுதான் முறை.

கடிதப் போக்குவரத்தால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடுவதில்லை. தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் தணிக்கைத் தடைகளை நீக்கக் கூட்டமர்வு நடத்துவர். தணிக்கையாளரும் அலுவலரும் பதிவேடுகளை எதிரில் வைத்துக்கொண்டு பேசும்போது, பல ஆண்டு நின்ற தடைகூட ஒரு பற்றுச்சீட்டைக் காட்டியதும் நீங்கிவிடுவதுண்டு.

இப்போது மத்திய அமைச்சகங்களின் தணிக்கைப் பத்திகளைச் செலவினத் துறையின் இணையத் தளம் கண்காணிக்கிறது. எத்தனை பத்தி, எவ்வளவு காலம் நிலுவை என்பதைக் கணினி நொடியில் கூறும். ஆனால் ஜோகுபாளையத்து வடிகால் பத்தியை மூன்றாகப் பிரித்துத் தர அந்த வேலை தெரிந்த அலுவலர் தேவை. அவர் மாற்றலாகிச் செல்லும்போது பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் சாவிகளும் தளவாடங்களும் தவறாமல் இடம் பெறுகின்றன. முடியாத தணிக்கைப் பத்திகளும் எண், நாள், அடுத்து செய்ய வேண்டியது ஆகிய விவரங்களுடன் அதில் எழுதப்படுமானால், ஓய்வு பெறும் நாளில் பழைய தடைக்காக ஓர் ஊழியரின் பணப்பயன் நிறுத்தி வைக்கப்படும் நிலையும் குறையும்.