மருத்துவமனையிலிருந்து தனி வீட்டிற்கு
(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரை)



 

வரவு செலவுக் கணக்கைச் செயலாளர் அவர்கள் வாசித்துவிட்டார்கள். அந்தக் கணக்கில் இடம்பெறாத ஒரு காரியத்தைப் பற்றிப் பேசுவதற்கு நமக்கு அனுமதி தாருங்கள்.

விழுப்புரத்திற்கு வருமுன் நாம் திண்டிவனத்தில் பணிபுரிந்து வந்தோம். அங்கு நமது பள்ளிக்கு அருகில், மூன்றாவது தெருவில், கணவரை இழந்த வயது முதிர்ந்த தாயார் ஒருவர் தனியே வசித்து வந்தார். மகன் வளைகுடா நாட்டில் வேலையில் இருந்தார். மகளைச் சென்னையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அந்த அம்மாவின் இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஏழாம் நாள் வீட்டிற்கு அனுப்பிவிட்டார்கள். மகள் வந்து நான்கு நாட்கள் இருந்தார். பிள்ளைகளுக்குப் பரீட்சை என்பதால் கண்ணீரோடு ஊர் திரும்பினார்.

வீடு திரும்பிய அன்று அந்த வீட்டிற்கு ஐந்து பாத்திரங்களில் பிரியாணி வந்தது. அந்த அம்மாவுக்கோ சர்க்கரை நோய். நாமும் சென்றோம். வாசலில் நாற்காலியிட்டு அமர்ந்தோம், நலம் விசாரித்தோம், உருக்கமாக துஆச் செய்தோம், தேநீர் கூட வாங்கிக் குடித்தோம். அந்தத் தேநீரைப் போட்டது யார் என்று நாம் கேட்கவில்லை. குடத்தில் தண்ணீர் இருக்கிறதா, இரவில் கழிப்பறைக்குச் செல்ல யார் கை கொடுக்கிறார்கள், மாத்திரையை எடுத்துத் தருவது யார் என்றும் கேட்கவில்லை. பத்தாம் நாளுக்குப் பின் அந்த வீட்டிற்கு நம்மவர்கள் யாரும் போகவில்லை. இரண்டாம் முறை அவர் விழுந்தது ஓர் இரவில். காலையில் கஞ்சி கொண்டு வந்த எதிர்வீட்டு இந்துச் சகோதரிதான் அவரைக் கண்டு, கதவைத் தள்ளித் திறந்து, 108-க்குச் சொல்லியிருக்கிறார். நாள்தோறும் அவர்தாம் கஞ்சி கொண்டு வந்தார் என்பதே நமக்கு அன்றுதான் தெரிந்தது. பள்ளிவாசலுக்கும் அந்த வீட்டிற்கும் இடையே நூறு அடி தூரங்கூட இல்லை. அந்த நூறு அடியை நினைத்தால் இன்றும் மிம்பரில் ஏறும்போது நமக்குக் கால் கூசுகிறது.

கண்ணியமிக்கவர்களே! முன்பு அறுவை சிகிச்சை என்றால் பத்து நாள், பதினைந்து நாள் மருத்துவமனையிலேயே வைத்திருந்தார்கள். தையல் பிரித்த பிறகுதான் வீடு. இன்று அப்படியில்லை. பித்தப்பையைச் சிறு துளைகளின் வழியே அகற்றும் முறையை ஜெர்மனியில் 1985-ஆம் ஆண்டு எரிக் மூஹே என்ற மருத்துவர் செய்து காட்டினார். நோயாளியைச் சீக்கிரம் எழுப்பி நடக்கவிட்டால் சீக்கிரம் தேறுகிறார் என்பதை 1990-களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் என்ற மருத்துவர் நிறுவினார். ஆகவே பித்தப்பை என்றால் ஓரிரு நாளில் வீடு; கண்புரை என்றால் அன்றே வீடு. இது நன்மைதான், நாம் குறை கூறவில்லை. ஆனால் மருத்துவமனையில் செவிலியர் செய்த வேலைகள் அத்தனையும் இப்போது வீட்டின் மீது விழுந்துவிட்டன. அந்த வீட்டில் ஆள் இல்லையென்றால்?

தனியே வசிப்பவர் என்றதும் முதியவரையே எண்ணுகிறோம். நம் விழுப்புரத்தில் ரயில்வேயிலும் கடைகளிலும் வேலை செய்யும் வெளியூர் இளைஞர்கள் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். அவர்களுள் ஒருவருக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்தால், தண்ணீர்க் குடத்தையோ கேன் தண்ணீரையோ அவர் சில வாரங்களுக்குத் தூக்கக் கூடாது. இதை எத்தனை பேர் அறிவோம்?

நமது மார்க்கத்தில் இதற்கு முன்மாதிரி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 627-இல், அகழ்ப்போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கையில் அம்பு பாய்ந்து நரம்பு அறுபட்டது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அவரை வீட்டிற்கு அனுப்பிவிட்டு துஆவோடு நின்றுவிடவில்லை. மஸ்ஜிதுந் நபவியிலேயே கூடாரம் அமைக்கச் செய்தார்கள். அருகிலிருந்து கவனிக்க வேண்டும் என்பதே காரணம். காயமுற்றோருக்குப் பணிவிடை செய்து வந்த ருஃபைதா (ரலி) என்ற அஸ்லம் குலத்துப் பெண்மணியின் பொறுப்பில் அவர் விடப்பட்டார். நபியவர்கள் காலையிலும் மாலையிலும் அவரிடம் நலம் கேட்டுச் சென்றார்கள். ஸஅத் (ரலி) அவர்கள் அக்காயத்தாலேயே பின்னர் ஷஹீதானார்கள். ஆயினும் ஒரு நாளைக்கூட அவர்கள் தனிமையில் கழிக்கவில்லை. பத்ருப் போருக்கு எல்லோரும் புறப்பட்டபோது, நோயுற்றிருந்த மனைவி ருகையா (ரலி) அவர்களைப் பார்த்துக்கொள்வதற்காக உஸ்மான் (ரலி) அவர்கள் மதீனாவிலேயே நிறுத்தப்பட்டார்கள். போரில் கலந்துகொண்டவருக்குரிய பங்கு அவர்களுக்கும் வழங்கப்பட்டது. நோயாளியின் அருகில் இருப்பது பத்ருக்கு ஈடாகக் கணக்கிடப்பட்டது என்றால், அதை நாம் பெண்களின் வேலை என்று ஒதுக்கிவிட முடியுமா?

நம் காலத்துக்கு வருவோம். கோழிக்கோட்டில் 1993-ஆம் ஆண்டு டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் புற்றுநோயாளிகளின் வலியைத் தணிப்பதற்கு ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். நோயாளிகளின் வேதனையில் பாதி வீட்டில்தான் இருக்கிறது என்று கண்டுகொண்டார்கள். பின்னர் மலப்புறம் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் சாதாரண மக்களே பயிற்சி பெற்று, படுத்த படுக்கையாய் இருப்போரின் வீட்டிற்கு முறைவைத்துச் செல்லத் தொடங்கினார்கள். ஆசிரியர், ஆட்டோ ஓட்டுநர், கல்லூரி மாணவர், கடைக்காரர் என்று சகல மதத்தினரும் அதில் உண்டு. சிறு சிறு நன்கொடைகளிலேயே செலவு நடந்தது. 2008-இல் கேரள அரசு இதைத் தன் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது. அது தீராத நோயாளிகளுக்கான ஏற்பாடு. நாம் பேசுவது தேறிவரும் நோயாளியைப் பற்றி. தேறிவருபவருக்கு ஆள் தேவைப்படுவது சில வாரங்கள்தாம். இங்கிலாந்தில் மருத்துவமனையிலிருந்து திரும்புவோர் மீண்டும் தம் காலில் நிற்பதற்கு ஆறு வாரங்கள் வரை இலவச உதவி தரும் முறை இருக்கிறது. ஆறு வாரம் என்பது நாற்பத்திரண்டு நாள். ஐநூறு குடும்பங்கள் உள்ள ஜமாஅத்துக்கு நாற்பத்திரண்டு நாள் பெரிய சுமையா?

நம் தமிழ்நாட்டிலும் வாசல் தேடி வரும் ஏற்பாடு ஒன்று உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகளும், இயன்முறைப் பயிற்சியும், படுக்கையில் இருப்போருக்கான செவிலியர் கவனிப்பும் வீட்டிற்கே வருகின்றன. ஐ.நா. சபையின் பணிக்குழு 2024-இல் இதற்கு விருதளித்தது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரையும் முகவரியையும் சொல்லிவைக்க வேண்டும். அதைச் சொல்லவாவது ஓர் ஆள் வேண்டும். மருத்துவ ஆலோசனைக்கு 104, முதியோருக்கான உதவிக்கு 14567 என்ற எண்களும் உள்ளன. ஆனால் சோறு வடிப்பதற்கும் துணி துவைப்பதற்கும் எந்தத் திட்டத்திலும் ஆள் வருவதில்லை. காப்பீட்டு அட்டையும் இந்த வேலைகளுக்கு ஆள் தருவதில்லை.

ஆகவே ஏற்பாடு தொடங்க வேண்டியது அறுவை சிகிச்சைக்கு முன்பே. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியோ, புதுவை ஜிப்மரோ, சென்னையோ, எங்கே தேதி கொடுத்தாலும், தனியே வசிப்பவர் அந்தத் தேதியைப் பள்ளியில் வந்து சொல்லிவிட வேண்டும். வெட்கப்பட வேண்டாம். மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில: எத்தனை நாள் குனியக் கூடாது, எத்தனை கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, தரையில் அமரலாமா, காயத்தில் தண்ணீர் படலாமா, தையல் எப்போது பிரிப்பது, எந்த மாத்திரையை நிறுத்தவே கூடாது. பதில்களைத் தமிழில் ஒரு தாளில் எழுதி வாங்கிக் கட்டில் அருகே ஒட்டிவிட வேண்டும். பொது மயக்கம் கொடுத்து அன்றே அனுப்பப்படும் நோயாளியுடன் முதல் 24 மணி நேரமும் ஒருவர் உடனிருந்தே ஆக வேண்டும். இதில் தளர்வே இல்லை.

வீட்டில் என்ன மாற வேண்டும்? இடுப்பு, முழங்கால் சிகிச்சை செய்தவர் தரைக் கழிப்பறையில் அமர முடியாது. கமோடு நாற்காலி வேண்டும். கட்டில் உயரமாக இருக்க வேண்டும். வழுக்கும் பாயும் மிதியடியும் அகற்றப்பட வேண்டும். இரவு விளக்கு எரிய வேண்டும். கைப்பேசி தலையணைக்கருகில் இருக்க வேண்டும். ஒரு சாவி நம்பிக்கையான பக்கத்து வீட்டாரிடம் இருக்க வேண்டும். அவர் எந்தச் சமுதாயத்தவர் என்று பார்க்க வேண்டாம். திண்டிவனத்து அம்மாவுக்குக் கதவைத் திறந்தது யார் என்று சொன்னோம். காய்ச்சல், காயத்தில் சீழ், கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், இவற்றில் எது கண்டாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது.

சம்பளத்திற்கு ஆள் வைப்போர் ஒன்றைத் தெளிவாகப் பேசிக்கொள்ளட்டும். குளிப்பாட்டவும் உணவு கொடுக்கவும் வருபவர் வேறு. ஊசி போடவும் கட்டு மாற்றவும் தகுதி பெற்ற நர்ஸ் வேறு. வேலை நேரம், விடுமுறை, சம்பளம் மூன்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். அடையாள அட்டையின் நகல் வாங்கிவைக்க வேண்டும். பணிக்கு வரும் பெண்ணும் ஒரு வீட்டின் தாய்தான். அவருடைய உணவையும் உறக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. பெண் நோயாளிக்குப் பெண்களே செல்ல வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆண் நோயாளியின் பணிவிடைக்கு ஆண்கள் கிடைப்பதில்லை என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜக்காத் பணத்தை இதற்குக் கொடுக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். நோயாளி ஜக்காத் பெறத் தகுதியுள்ள ஏழையாக இருந்தால், பணத்தை அவர் கையில் உரிமையாகக் கொடுத்துவிட வேண்டும். அவர் அதிலிருந்து சம்பளம் கொடுக்கட்டும். ஜமாஅத்தின் பொதுச் சொத்தாக வாக்கரும் கமோடு நாற்காலியும் வாங்குவதற்கு ஜக்காத்தைத் தொடக் கூடாது; பொது நன்கொடையிலிருந்தே வாங்க வேண்டும். வசதியுள்ள நோயாளிக்குப் பணம் தேவையில்லை, ஆள்தான் தேவை. பணமுள்ள வீட்டில் யாராவது இருப்பார்கள் என்று நாம் எண்ணிவிடுகிறோம்.

தொழுகையைப் பற்றியும் ஒரு சொல். கண்புரை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் ஒரு பெரியவர் ஸுஜூது செய்வதைக் கண்டு நாம் பதறிப் போனோம். ‘ஹஜ்ரத், சைகையால் தொழ மனம் வரவில்லை’ என்றார். நாற்காலியில் அமர்ந்து, அதுவும் இயலாவிடில் படுத்து, சைகையால் தொழுவதும், கட்டின் மீது மஸ்ஹு செய்வதும் ஷரீஅத் தந்த சலுகைகள். அவற்றை ஏற்பது பலவீனமன்று. இந்த மஸாயில்களை வீட்டிற்கே வந்து சொல்லித் தர நாம் கடமைப்பட்டிருக்கிறோம், எந்நேரமும் அழைக்கலாம்.

நலம் விசாரிக்கச் செல்வோர் கால் மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள். கண்ணுக்கு மருந்துவிட ஆளில்லாதவரிடம் அரசியல் பேசாதீர்கள். மருந்தை விட்டுவிட்டு வாருங்கள். ‘ஏதாவது வேண்டுமா?’ என்று கேட்டால் நம் மக்கள் ‘வேண்டாம்’ என்றுதான் சொல்வார்கள். ‘நாளைக் காலை இட்லி நான் கொண்டு வருகிறேன், குடத்தை இப்போது நிரப்பிவிடுகிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள்.

நிர்வாகிகளிடம் பேசி ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கியிருக்கிறோம். மோதினார் அவர்களிடம் இருக்கும். முதல் பக்கங்களில் தனியே வசிப்போரின் பெயரும், அவர்களின் உறவினர் தொலைபேசி எண்ணும். விருப்பமுள்ளோர் மட்டும் எழுதினால் போதும், அது வெளியே காட்டப்படாது. அடுத்த பக்கங்களில் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை செல்ல இசைவோரின் பெயர்கள். பெண்கள் பக்கத்தை மதரஸா ஆலிமா அவர்கள் கவனிப்பார்கள். பெயர் தருவோர் இன்று இஷாவுக்குப் பின் மோதினார் அறைக்கு வரலாம். வாக்கர் ஒன்று நன்கொடையாக வந்துவிட்டது. கமோடு நாற்காலி இன்னும் வரவில்லை. அடுத்த மாதம் நமது ஜமாஅத்தில் இருவருக்கு அறுவை சிகிச்சைத் தேதி கொடுத்திருக்கிறார்கள். இருவரும் தனியே வசிப்பவர்கள்.