அனுபவம் வேறு, உரிமை வேறு: பஞ்சமி நில வழக்குகளில் நாம் நிரூபிக்க வேண்டியவை



இலக்கியம் கேட்க வந்திருப்பீர்கள். நான் வழக்கறிஞன், நிலத்தைப் பற்றித்தான் எனக்குப் பேசத் தெரியும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு முன்சீப் நீதிமன்றத்தில் வயதான அம்மா ஒருவர் கூண்டில் நின்றார். "நிலம் உன்னுடையது என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். "எங்க மாமனாரு வெட்டுன கெணறு அங்க இருக்கு சாமி" என்றார். கிணறு இருந்தது, கிஸ்தி ரசீது ஒன்றுகூட இல்லை. தோற்றோம். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. அவர் பக்கம் நின்ற நான்தான் அந்தக் கிணற்றைக் காகிதத்தில் கொண்டுவரத் தவறினேன்.

செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் நம் மக்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நிலம் வழங்க அரசாணை வந்தது. பத்து ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுக்கலாம். இதுதான் நிபந்தனை. அந்த நிலங்களை மீட்கத்தான் 1994இல் காரணை நிலப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள்.

இன்று நிலம் பறிக்க அடியாள் தேவையில்லை, ஒரு நிரந்தர உறுத்துக்கட்டளை வழக்கு போதும். கிரயப் பத்திரத்தோடு அவர்களே வாதியாக வருகிறார்கள். சம்மனுக்கு நாம் போகாவிட்டால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. ஆகவே முதல் வேலை, சம்மன் வந்ததும் ஆஜராகி எதிர்வழக்குரை தாக்கல் செய்வது.

நீதிமன்றம் கேட்பது இரண்டு கேள்விகள். வழக்குப் போட்ட நாளில் நிலம் யார் அனுபவத்தில் இருந்தது? அது யாருக்கு உரிமை? வெறும் உறுத்துக்கட்டளை வழக்கில் முதல் கேள்விதான் பிரதானம். உரிமையிலேயே பெரிய சந்தேகம் எழுந்தால், உரிமை விளம்புகையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று அனதுலா சுதாகர் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தச் சந்தேகத்தை எழுப்புவது நம் வேலை. பழைய 'அ' பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் பஞ்சமி நிபந்தனை இருந்தால், அவருடைய பத்திரத்தின் அடித்தளமே ஆட்டம் காணும். வாதி தன் வழக்கைத் தன் பலத்தில்தான் நிரூபிக்க வேண்டும்; நம் பலவீனத்தில் அல்ல.

பட்டா வருவாய்த்துறைப் பதிவு. அதுமட்டும் உரிமையைத் தந்துவிடாது. அவர்கள் பெயரில் பட்டா இருக்கிறதென்று நாம் அஞ்ச வேண்டாம், நம் பெயரில் இருக்கிறதென்று அயரவும் வேண்டாம். உரிமைக்கு ஒப்படை ஆணை, வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று. அனுபவத்துக்கு அடங்கல், கிஸ்தி ரசீது, மின் இணைப்பு ரசீது, பக்கத்து நிலத்துக்காரர் சாட்சியம். புறம்போக்கில் இருப்பவருக்கு பி மெமோ அனுபவத்தைக் காட்டும். ஆனால் நிலம் அரசுடையது என்பதையும் அதுவே சொல்லிவிடும்.

நிலைபெற்ற அனுபவத்தில் இருப்பவரை உண்மையான உரிமையாளரும் சட்டவழியின்றி வெளியேற்ற முடியாது. அடித்து வெளியேற்றப்பட்டால் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 6ஆவது பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் வழக்குப் போடலாம்; அங்கே உரிமையை நிரூபிக்கத் தேவையில்லை. ஆனால் அரசுக்கு எதிராக அந்தப் பிரிவு உதவாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) எஃப், ஜி உட்பிரிவுகளின்படி, நம் நிலத்தை அபகரிப்பதும் நம்மை வெளியேற்றுவதும் குற்றம்.

மாணவர்களே, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் சேரியின் பழைய சர்வே எண்களையும் அவற்றுக்கான புதிய எண்களையும் எழுதி வாருங்கள். 'அ' பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தாத்தா பாட்டி சொல்லும் கிணற்றையும் களத்தையும் புல வரைபடத்தில் தேடிப் பாருங்கள். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே செய்யுங்கள்.

அடுத்த முறை கூண்டில் நிற்கும் அம்மாவின் கையில் ஒரு காகிதமாவது இருக்க வேண்டும்.