அணிலும் ஆறு மணி நேரமும்



இந்தப் பட்டமளிப்பு அரங்கில் இப்போது கரண்ட் போனால் பழி யார்மேல் விழும்? தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் மேல், இல்லையென்றால் கொரட்டூர் துணைமின் நிலையத்தின் மேல். 2021இல் அணில்மேலும் விழுந்தது. கம்பியில் அணில் ஓடுவதாலும் மின்தடை வருகிறது என்று அமைச்சரே சொல்ல, தமிழ்நாடே மீம் போட்டுச் சிரித்தது.

ஆனால் 2015 டிசம்பர் 23 அன்று மேற்கு உக்ரைனில் மின்சாரம் போனதற்கு அணிலும் காரணமில்லை, புயலும் காரணமில்லை. கட்டுப்பாட்டு அறை ஊழியரின் கண்ணெதிரே, திரையில் மவுஸின் அம்புக்குறி தானாக நகர்ந்து பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டது. அவர் மவுஸைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், அது கேட்கவில்லை; கணினிக்குள் ஊடுருவியவர்களின் பிடியில் இருந்தது. சுமார் 2,25,000 வாடிக்கையாளர்கள் கடுங்குளிரில் சில மணி நேரம் இருட்டில் கிடந்தார்கள். துணைமின் நிலையங்களுக்கு ஆட்கள் நேரில் போய்க் கையால் பிரேக்கரைப் போட்ட பிறகே விளக்கெரிந்தது.

மின்சாரம் ஓர் 'அத்தியாவசியச் சேவை'. அந்தச் சொல்லைக் கேட்டால் நம்மூர் அரசு ஊழியர் வீடுகளில் இன்றும் டெஸ்மாதான் நினைவுக்கு வரும். அத்தியாவசியச் சேவைகளில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் 2002ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் அது. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தின்போது சுமார் 1,70,000 பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தச் சட்டத்துக்குத் தெரிந்த ஆபத்து ஒன்றே ஒன்றுதான்: ஆள் வேலைக்கு வரமாட்டார். ஆள் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே சேவை படுத்துவிடும் என்பதை டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை காட்டியது. 2022 நவம்பர் 23 காலையில் அங்கே சர்வர்கள் முடங்கின. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவுக்கு யாரோ பூட்டுப் போட்டிருந்தார்கள். புறநோயாளி சீட்டு முதல் ரத்தப் பரிசோதனை முடிவு வரை எல்லாம் கிட்டத்தட்ட இரண்டு வாரம் பேனாவிலும் காகிதத்திலும் ஓடின. வலையமைப்பை முறையாகப் பகுதி பகுதியாகப் பிரித்துவைக்காததே காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசு பதில் சொன்னது. வாசல் கதவைத் திறந்தால் பூஜையறை வரை போய்விடலாம் என்கிற மாதிரி வீடு!

சட்டம் இல்லாமல் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இலேயே வந்தது. அரசு 'பாதுகாக்கப்பட்ட அமைப்பு' என்று அரசிதழில் அறிவித்த கணினிக்குள் அத்துமீறி நுழைந்தால், அதன் 70ஆம் பிரிவின்படி பத்தாண்டு வரை சிறை. ஆதார் தரவு மையம் 2015இல் அப்படி அறிவிக்கப்பட்டது. ஐசிஐசிஐ, எச்டிஎஃப்சி வங்கிகளின் முக்கிய அமைப்புகள் 2022இல். ஆனால் எந்தெந்தத் துறை என்ற பட்டியல் சட்டத்தில் கிடையாது. குடிநீரையே எடுத்துக்கொள்ளுங்கள்: பூந்தமல்லியைத் தாண்டி, செம்பரம்பாக்கத்தில் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் திறனுள்ள நிலையம் இருக்கிறது. சிங்கப்பூரின் 2018ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டம் பட்டியலிடும் 11 துறைகளில் குடிநீர் பெயர்சொல்லி இடம்பெறுகிறது. இங்கே குடிநீர் நிலையத்துக்கு அந்தப் பாதுகாப்பு வேண்டுமென்றால் தனியாக ஓர் அரசிதழ் அறிவிப்பு பிறக்கவேண்டும். மாநில அரசுக்கும் அப்படி அறிவிக்கும் அதிகாரம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

திருடனுக்குப் பத்தாண்டு, கதவைத் திறந்துபோட்டவருக்கு? இங்கேதான் நம் சட்டம் கொஞ்சம் கூச்சப்படுகிறது. பிரிட்டனின் 2018ஆம் ஆண்டு வலையமைப்புப் பாதுகாப்பு விதிகள் நேரே சேவை நிறுவனத்தின் சட்டையைப் பிடிக்கின்றன: அதிகபட்ச அபராதம் 1.7 கோடி பவுண்டு.

நம்மிடம் உள்ள கூர்மையான விதி இணையத் தாக்குதல்களைக் கையாளும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு. தாக்குதல் கவனத்துக்கு வந்த ஆறு மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தகவல் சொல்லவேண்டும். 180 நாள் லாக் பதிவுகளை வைத்திருக்கவேண்டும். ஆறு மணி நேரம் ரொம்பக் குறைச்சல் என்று தொழில் நிறுவனங்கள் முணுமுணுத்தன. சிங்கப்பூரில் இரண்டே மணி நேரம்.

அவசரம் ஏன் என்பதற்குக் கூடங்குளம் சாட்சி. அங்கே நிர்வாகப் பணிக்கான ஒரு கணினியில் தீநிரல் புகுந்ததை 2019 செப்டம்பர் 4 அன்றே செர்ட்-இன் கவனித்துவிட்டது. அக்டோபர் இறுதியில் செய்தி கசிந்ததும், அணுமின் நிலையக் கட்டுப்பாட்டு அமைப்பைத் தாக்குவது சாத்தியமே இல்லை என்று 29ஆம் தேதி மறுப்பு வந்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் தீநிரல் புகுந்ததை ஒப்புக்கொண்டது. கட்டுப்பாட்டு அமைப்பு தனித்திருந்தது, அதற்குச் சேதமில்லை என்றும் சொன்னது. அப்படியே இருக்கட்டும். அதை முதல் நாளே சொல்லியிருந்தால், பக்கத்து ஊரான இடிந்தகரையில் யாரும் அந்த இரவு பயந்துகொண்டு படுத்திருக்க வேண்டியதில்லை.

மாணவர்களே, உங்களில் பலர் அணுமின் நிலையத்துக்குப் போகப்போவதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மாடி அறையில், பெரிய நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதித்தரும் இருபது பேர் கம்பெனியில் சேருவீர்கள். அல்லது அங்குள்ள தரவு மையம் ஒன்றில் நைட் ஷிப்ட் பார்ப்பீர்கள். தாக்குதல் அந்த மாதிரி இடத்திலும் தொடங்கலாம். 2024 ஜூலை இறுதியில் சுமார் 300 சிறு வங்கிகளின் பணப்பரிமாற்றம் நின்றது. தாக்கப்பட்டது வங்கிகள் அல்ல, அவற்றுக்குத் தொழில்நுட்பச் சேவை தந்த சி-எட்ஜ் நிறுவனம். பெரிய வீட்டுக்குள் நுழையத் திருடன் பக்கத்து வீட்டு மொட்டைமாடியில்தான் ஏறுவான்.

இரவு இரண்டு மணி. ஆவடி கடைசி ரயில் எப்போதோ போய்விட்டது. திரையில் அம்புக்குறி தானாக நகர்கிறது. மேனேஜர் போனை எடுக்கவில்லை, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் சீனியர். காலை எட்டு மணிக்கு அந்த ஆறு மணி நேரம் முடிந்திருக்கும். செர்ட்-இன்னின் கட்டணமில்லா எண் 1800 11 4949.