ஊர்க் குழுவில் எல்லாருக்கும் இடம் வேண்டும்

இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் தெரிவித்தது. பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடலை இயக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம்மில் ஏறத்தாழப் பாதிப்பேர் அதை எட்டுவதில்லை. நடப்பது நல்லதென்று தெரியாதவர் யார்? மருத்துவர் சொன்ன மறுநாள் தொடங்கும் நடை, சில வாரங்களில் நின்றுபோகிறது. தனியாக நடப்பவர் ஒருநாள் வராவிட்டால் ஏன் என்று கேட்க ஆளில்லை. அப்படிக் கேட்கும் ஆட்கள் உள்ளூர் விளையாட்டுக் குழுவில் இருக்கிறார்கள்.

குழுவின் இந்த வலிமைக்குச் சான்று உண்டு. ஸ்காட்லாந்தில் 13 தொழில்முறைக் கால்பந்துக் கழகங்களில், 35 முதல் 65 வயது வரையுள்ள பருமனான ஆண்கள் 747 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2014இல் லான்செட் இதழில் வெளிவந்தது. கழகப் பயிற்சியாளர்களே 12 வாரம் உடற்பயிற்சியும் உணவுமுறையும் கற்றுத்தந்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெறாதவர்களைவிட இவர்களின் எடை சராசரியாக ஏறத்தாழ 5 கிலோ கூடுதலாகக் குறைந்திருந்தது. மருத்துவமனைக்குப் போகத் தயங்குகிறவரையும் மைதானம் ஈர்க்கும்.

நம் ஊர்களில் கபடிக் குழுவும் வாலிபால் கழகமும் புதியவை அல்ல. கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டத்தில் ஊராட்சிகளுக்குப் பந்தும் மட்டையும் வந்திருக்கின்றன. ஆனால் மைதானம் பெரும்பாலும் போட்டிக்குத் தயாராகும் இளைஞர்களுக்கே உரியதாக இருக்கிறது. வயலில் உழைப்பவருக்கு விளையாட்டு எதற்கு என்று சிலர் கேட்கலாம். உழைத்துக் களைத்தவருக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம். நாளெல்லாம் கடையிலும் தையல் இயந்திரத்தின் முன்னும் உட்கார்ந்திருப்பவருக்குத் தேவை. நாற்பது வயதில் ஆடினால் அடிபடாதா என்பது நியாயமான கவலை. அந்த வயதினரைக் கபடிக் களத்தில் இறக்க வேண்டாம். வேக நடை, பூப்பந்து, வளையப்பந்து போதும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளரிடம் முதலில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளலாம். பெண்கள் வரமாட்டார்கள் என்பதும் முழு உண்மையல்ல. அவர்களுக்கென்று தனி நேரம், போதிய விளக்கு, அருகில் ஒரு கழிப்பறை இருக்கிறதா என்பதே கேள்வி.

பொங்கல் போட்டிக்கு ஊராரிடம் நன்கொடை வாங்கும் குழுவுக்கு, அந்த ஊராரின் உடல்நலத்திலும் பொறுப்புண்டு. அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள்: போட்டிக்குப் போகாதவர்களுக்காக வாரம் இரண்டு மாலை மைதானம் திறந்திருக்கட்டும், அவர்களை அழைத்துவரும் பொறுப்பை ஓர் உறுப்பினர் ஏற்கட்டும். இதற்குப் பெரிய செலவில்லை.