பெயரெச்சமும் ஆங்கில வாக்கியமும்

உண்ட சாத்தன், உண்ட கலம், உண்ட இல்லம், உண்ட ஊண், உண்ட நாள், உண்ட சோறு: இவை நன்னூல் பயின்ற நேயர்கள் நன்கறிந்த எடுத்துக்காட்டுகள். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் என்னும் ஆறனுள் எதன் பெயரையும் பெயரெச்சம் கொண்டு முடியும் என்பது விதி. 'உண்ட' என்னும் சொல்லோ ஆறிடத்தும் ஒரு தன்மையாகவே நிற்கின்றது. கலத்தில் உண்டானா, கலத்தையே உண்டானா என்று தமிழர் எவரும் மயங்குவதில்லை. வேற்றுமை உருபு மறைந்திருப்பினும், பொருளை நோக்கி உறவைத் தாமே உணர்ந்துகொள்கின்றனர்.

தாய்மொழி தந்த இவ்வசதியே ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவனுக்கு இடராக முடிகின்றது. ஆங்கிலத்திலே பெயர் முன்னே வரும். அதனை விளக்கும் வாக்கியம் பின்னே வரும். இரண்டையும் 'ஹூ', 'விச்', 'தட்' போன்ற தொடர்புச் சொல்லொன்று பிணைக்கும். திராவிட மொழிகளில் இத்தகைய தொடர்புச் சொல் இல்லை, பெயரெச்சமே அதன் தொழிலைச் செய்கின்றது என்று கால்டுவெல் 1856ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலே எடுத்துக் காட்டினார்.

சாத்தனுக்கு 'ஹூ' போதும். சோற்றுக்கு 'விச்' வரும். அது செயப்படுபொருளாதலின் அத்தொடர்புச் சொல்லை விட்டுவிடினும் வழுவன்று. கலத்துக்கு 'பிரொம் விச்' என்றும், இல்லத்துக்கு 'இன் விச்' என்றும், நாளுக்கு 'ஒன் விச்' என்றும் உருபின் தொழிலைச் செய்யும் சொல்லையும் கூட்டியே சொல்லல் வேண்டும். தமிழில் மறைந்து நின்றது அங்கே வெளிப்பட்டு நிற்கின்றது. 'நான் வசிக்கும் வீடு' என்பதை எழுதப் புகுந்த மாணவன் 'இன்' என்பதை விட்டுவிடுவது இதனாலேயே. அதனைக் கவனக்குறைவென்று கடிந்து சிவப்பு மையாற் கோடிடும் ஆசிரியர் நோயை விட்டு நிழலுக்கு மருந்திடுகின்றார். தமிழ்த் தொடரை முதலில் எழுதுவித்து, 'ஆறனுள் இஃது எது?' என்று வினவுதலே தக்க வழி. நிலம் என்று மாணவன் விடை கூறுவானாயின், 'இன்' தானே வந்து சேரும். அச்சொல்லை வாக்கியத்தின் ஈற்றில் வைத்தல் பிழையென்று சிலர் கருதுவர். ஆங்கிலேயரோ அவ்வாறு தாராளமாக எழுதுகின்றனர்.

'வந்த மனிதன்' என்பதற்கு 'ஹூ' என்று எழுதியபின் 'ஹீ' என்றும் சேர்ப்பது மற்றொரு பிழை. 'எவன் வந்தானோ அவன்' என்னும் தமிழ் நடையின் எதிரொலியாகவும் அஃது இருக்கலாம். 'ஹூ' என்பதே எழுவாயாக நிற்க, இன்னோர் எழுவாய்க்கு அங்கே இடமில்லை.

இவற்றினும் நுண்ணியது காற்புள்ளி. 'யாழ்ப்பாணத்தில் வாழும் என் புதல்வருக்கு இக்காணி உரியது' என்று தந்தையொருவர் மரணசாசனம் எழுதுகின்றார் என்று கொள்வோம். அவருக்குப் புதல்வர் மூவர்; ஒருவர் கொழும்பில் இருக்கின்றார். அவருக்கும் பங்குண்டா? தமிழ்த் தொடர் இரு பொருளுக்கும் இடங்கொடுக்கின்றது. ஆங்கிலத்தில் எழுதுவோர் இதனைத் துணிந்தே ஆகவேண்டும். காற்புள்ளியின்றி எழுதின், யாழ்ப்பாணத்தில் வாழ்வோருக்கு மட்டுமே காணி. 'புதல்வர்' என்பதன் பின்னும் விளக்க வாக்கியத்தின் பின்னும் காற்புள்ளி இட்டால், புதல்வர் அனைவருக்கும் காணி. அவர்கள் வாழுமிடம் வெறும் செய்தியாகிவிடும். ஆனால் அப்பொழுது கொழும்பில் உள்ளவரைப் பற்றிய செய்தி பொய்யாகும். வழக்கறிஞருக்கு வேலையும் கிடைக்கும்!

வாய்விட்டு வாசிப்பவர் இவ்வேற்றுமையைச் சிறு நிறுத்தத்தாற் புலப்படுத்துவர். மாணவரை உரக்க வாசிக்கப் பழக்கினால் காற்புள்ளி எங்கே வேண்டுமென்பதைச் செவியே பெரும்பாலும் சொல்லிவிடும். தொடர்புச் சொற்களுள் 'தட்' என்பதை வரையறுக்கும் வாக்கியத்துக்கும், 'விச்' என்பதைச் செய்தி கூறும் வாக்கியத்துக்கும் ஒதுக்கலாம் என்று பவுலர் 1926ஆம் ஆண்டு வெளியான தம் ஆங்கில வழக்கு அகராதியில் விரும்பினார். ஆங்கிலேயர் அதனை முற்றாகக் கைக்கொள்ளவில்லை. வரையறுக்குமிடத்தும் 'விச்' என்று எழுதுவோர் பலர். ஆயினும் காற்புள்ளியிட்டுச் செய்தி கூறுமிடத்து 'தட்' எழுதுவதை இன்றும் வழுவென்றே கொள்வர்.