மரியாவைக் காண வந்தவர்கள்



சுற்றுலா என்றதும் கோயிலும் கோட்டையும் அருவியும் நினைவுக்கு வருவது இயல்பு. ஒரு பறவையைக் கண்ணாரக் கண்டுவிட வேண்டும் என்பதற்காகவே விடுமுறை எடுத்துக் கடல் கடந்து, கோழி கூவுமுன் எழுந்து சேற்றில் நடப்போரும் உலகில் உண்டு. அவர்கள் விரும்பிச் செல்லும் நாடுகளுள் ஒன்று தென் அமெரிக்காவின் ஈக்வடார். பரப்பில் அது தமிழ்நாட்டைப் போல ஏறத்தாழ இருமடங்குதான். ஆயினும் அங்கே 1600-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் காணப்படுகின்றன. இந்தியா முழுவதிலும் உள்ளவை 1300-க்குச் சற்று மேல். ஆண்டிஸ் மலைத்தொடர் அந்நாட்டின் நடுவே நிமிர்ந்து நிற்பதே இதற்குக் காரணம். கடற்கரை வெப்பத்திலிருந்து பனிமுடி வரை ஒவ்வோர் உயரத்துக்கும் ஒரு காடு. ஒவ்வொரு காட்டுக்கும் அதற்கே உரிய பறவைகள்.

தலைநகர் கீட்டோ ஏறத்தாழ 2850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் பழைய நகரம் 1978-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் முதற்பட்டியலிலேயே இடம்பெற்றது. அங்கிருந்து வடமேற்கே இறங்கும் வழியருகே நிலநடுக்கோட்டு நினைவுத்தூண் நிற்கிறது. பயணிகள் அங்குள்ள மஞ்சள் கோட்டின் இருபுறமும் கால் வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையான நிலநடுக்கோடு அங்கிருந்து 200 மீட்டருக்கும் அப்பால் செல்கிறது என்பதை அறிந்தவர்களும் அந்தப் படத்தை விடுவதில்லை. சுற்றுலாவின் இன்பங்களுள் இதுவும் ஒன்று போலும்.

இன்னும் இறங்கினால் மேகம் மரங்களுக்குள் புகுந்து தங்கும் காடு தொடங்கிவிடும். அங்கேதான் மிண்டோ என்னும் சிற்றூர். விடுதித் திண்ணைகளில் சர்க்கரை நீர்க் குப்பிகள் தொங்குகின்றன; அவற்றைச் சுற்றி ரீங்காரச் சிட்டுகள் மொய்க்கின்றன. நம்மூர்த் தேன்சிட்டு வேறு, இது வேறு. தேன்சிட்டு பெரும்பாலும் கிளையைப் பற்றிக்கொண்டு தேன் குடிப்பது. இதுவோ அந்தரத்தில் நின்றபடியே குடிக்கும், பின்னோக்கியும் பறக்கும். அமெரிக்கக் கண்டங்களை விட்டு வேறெங்கும் இல்லாத இந்தக் குடும்பத்தில் ஏறத்தாழ 130 இனங்கள் ஈக்வடாரில் உள்ளன.

ஆயினும் பறவை நோக்குவோர் பலர் ஏங்கியது வண்ணமற்ற வேறொன்றுக்காக. அதன் பெயர் பேருருவ ஆண்ட்பிட்டா. நீண்ட கால், குட்டை வால், பழுப்பு முதுகு, கோடுகள் படர்ந்த செம்பழுப்பு வயிறு. இருண்ட புதர்த் தரையில் தத்தித் திரியும். மண்புழுவே அதற்குப் பேருணவு. பெயரின் பின்பாதி நமக்கு அயலன்று. தெலுங்கில் சிறு பறவையைக் குறிக்கும் 'பிட்ட' என்ற சொல்லே மேனாட்டு அறிவியல் நூல்களில் ஏறி, நம் ஆறுமணிக்குருவியின் இனத்துக்குப் பெயராயிற்று. பிறகு உருவ ஒப்புமை கருதி, உறவே இல்லாத இந்த அமெரிக்கப் பறவைக்கும் ஒட்டிக்கொண்டது. பல நாள் தேடியும் அதன் குரலை மட்டுமே கேட்டுத் திரும்பியவர் பலர்.

மிண்டோவுக்கு அண்மையில் ஒரு மலைச்சரிவில் ஆன்ஹெல் பாஸ் என்ற உழவர் வாழ்ந்துவந்தார். மரம் வெட்டுவதும் வேட்டையாடுவதும் அவருக்குப் பழகிய தொழில்கள். அவர் நிலத்துக் காட்டில், குருதிச் சிவப்பான பாறைச்சேவல்கள் விடியற்பொழுதில் கூடிக் கூச்சலிட்டுப் பெடைகளைக் கவரும் களம் ஒன்று இருந்தது. அதைக் காட்டினால் வெளிநாட்டார் கட்டணம் தருவார்கள் என்று அறிந்த அவர், 2005-ஆம் ஆண்டில் அதற்கொரு பாதை அமைத்தார். கிளறிய மண்ணில் வெளிப்பட்ட புழுக்களைத் தின்ன, கண்ணுக்கே அகப்படாத அந்த ஆண்ட்பிட்டா அப்பாதைக்குத் தானே வந்தது. பாஸ் புழுக்களைத் திரட்டி எறிந்து, பொறுமையாகக் காத்திருந்து அதைப் பழக்கினார். மரியா என்று பெயரும் இட்டார். "மரியா, வா, வா" என்று அவர் தம் மொழியில் அழைக்க, புதரிலிருந்து பறவை தத்தி வந்த செய்தி உலகெங்கும் பரவியது. இடுப்பை ஆட்டும் சிறிய ஆண்ட்பிட்டா ஒன்று பாடகி ஷகீராவின் பெயரைப் பெற்றது. வெட்டி விற்கும் மரத்தைவிட நிற்கும் மரம் அந்தக் குடும்பத்துக்கு மிகுதியாக ஈட்டித் தந்தது.

காட்டுப் பறவைக்குத் தீனி போட்டுக் காட்சிப் பொருளாக்கலாமா என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே; இம்முறை கொலம்பியா, பெரு நாட்டு விடுதிகளுக்கும் பரவிய பின் அது இன்னும் கூர்மையாகிறது. ஆனால் இங்கே கூண்டு இல்லை. வருவதும் வராமலிருப்பதும் பறவையின் விருப்பம். சில புழுக்களுக்கு ஈடாக ஒரு மலைச்சரிவு கோடரிக்குத் தப்பியது என்றால், அந்த வாணிபத்தில் பறவைக்கு இழப்பு என்று சொல்வது கடினம்.

உண்மையான இடர் வேறு திசையில் இருக்கிறது. 2001-இல் தொடங்கிய கச்சா எண்ணெய்க் குழாய்ப் பணி மிண்டோவுக்கு மேலுள்ள மலைமுகட்டின் வழியே சென்றது. ஊராரும் இயற்கை ஆர்வலரும் எதிர்த்தனர்; சிலர் மரங்களில் ஏறிக் குடியிருந்தே தடுத்துப் பார்த்தனர். பயனில்லை. 2003-இல் எண்ணெய் ஓடத் தொடங்கிவிட்டது. பறவை காண வருவோரைச் சுமந்து வரும் விமானம் குடிப்பதும் எண்ணெய்தான் என்பதை இங்கே மறைக்க வேண்டியதில்லை. 2020-இல் பெருந்தொற்றால் அந்த விமானங்கள் நின்றபோது, பயணியரை நம்பிய காட்டுக்காவல் எவ்வளவு மெல்லிய கயிற்றில் தொங்குகிறது என்பதும் தெரிந்தது.

அடுத்துச் சுரங்கம் வந்தது. ஈக்வடார் 2008-இல் இயற்கைக்கே உரிமைகள் உண்டு என்று தன் அரசியலமைப்பில் எழுதிய நாடு. அதைச் சான்றாகக் கொண்டு 2021-இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், லோஸ் செட்ரோஸ் மேகக்காட்டில் சுரங்கம் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2023 ஆகஸ்டு 20 அன்று, மிண்டோவையொட்டிய காடுகளில் உலோகச் சுரங்கத்துக்கு இடமளிக்கலாமா என்று கீட்டோ பெருநகர மாவட்ட மக்களிடமே கேட்கப்பட்டது. மூவரில் இருவருக்கு மேற்பட்டோர் கூடாது என்றனர். அவர்களில் மிகப் பலர் மரியாவின் குரலைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.