கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை

தேனி மாவட்டத்தின் தென்மேற்குக் கோடியில், மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அதன் கிளையான மேகமலைக்கும் நடுவே கிடக்கிறது கம்பம் பள்ளத்தாக்கு. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி, மலையைக் குடைந்து தண்ணீரைக் கிழக்கே திருப்பியதால் செழித்த பூமி இது.

இங்குள்ள சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர்ப் பக்கம் பார்த்தால் பந்தல் பந்தலாகத் திராட்சைதான். கல்தூண் நட்டு, மேலே கம்பி பின்னிக் கொடியை ஏற்றிவிடுகிறார்கள். உள்ளே நுழைந்தால் தலையில் இடிக்கிற உயரத்தில் கொத்துகள் தொங்கும். நீலக் கருப்பான பழத்தின் மேல் சாம்பல் பூத்தது போல ஒரு படலம். விரலால் தேய்த்தால் பளபளப்பு தெரியும். கவாத்து செய்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் அறுவடை. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்தை முன்பின்னாக வைத்துக்கொள்வதால் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் பழம் கிடைக்கிறது. வட இந்தியத் திராட்சைக்கு இந்த வசதி கிடையாது.

பன்னீர் என்று இங்கே அழைக்கப்படுவது மஸ்கட் ஹாம்பர்க் என்னும் ஐரோப்பிய ரகம். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 2023-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இதன் சிறப்பு வாசனையில் இருக்கிறது. ரோஜா எண்ணெயில் உள்ள ஜெரானியால் போன்ற மணப்பொருள்கள் மஸ்கட் திராட்சைகளிலும் உண்டு. நொதித்த பிறகும் அவை ஓரளவு தங்கும். அதனால் மற்ற ஒயின்களில் அரிதாகவே கிடைக்கும் திராட்சைப் பழத்தின் மணம், மஸ்கட் ஒயினில் மூக்கருகே கொண்டுபோனதுமே தெரியும். ருசி பார்ப்பவர்கள் முதலில் நிறம் பார்த்து, கிண்ணத்தைச் சுழற்றி முகர்ந்து, பிறகே ஒரு வாய் அருந்துவார்கள். இந்த ரகத்தின் ஒயின் ஆழ்ந்த சிவப்பாக வருவது அரிது. பல ஆண்டுகள் வைத்துக் காப்பதைவிடப் புதிதாகக் குடிப்பதே இதற்குப் பொருத்தம்.

ஆனாலும் விளைச்சலில் பெரும்பகுதி பழக்கடைக்கே போகிறது. மகாராஷ்டிரத்தின் நாசிக்கில் தோட்டத்திலேயே ஒயின் ருசிக்கும் சுற்றுலா நன்றாக வளர்ந்திருக்கிறது. மதுச் சில்லறை விற்பனை டாஸ்மாக் வசம் இருக்கும் தமிழ்நாட்டில் அது வேரூன்றவில்லை. கம்பத்துக்குப் போகிறவர்கள் பழத்துக்காகவே போகலாம். அதுவே போதிய காரணம்.

வெள்ளானூர், ஆவடிப் பக்கத்து நேயர்கள் சென்னை சென்ட்ரலில் போடிநாயக்கனூர் ரயில் ஏறித் தேனியில் இறங்கலாம். வாரத்தில் மூன்று நாள்தான் அந்த வண்டி. தேனியிலிருந்து கம்பத்துக்குப் பேருந்து உண்டு.